சுக்கான் தரையில் கீரை

எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு துண்டு நெலம் சும்மா கெடந்துச்சு. புல்லு கூட மொளைக்காது. அத்தனையும் சுக்கான் கல்லு. அரியலூர்ப் பக்கம் எங்க தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்லுதானே. அந்த நெலத்தோட ஓரத்துலதான் ஊர்த் தலைவரோட லாரி நிக்கும், குவாரிக்குப் போற லாரி. என் சின்ன மவ அப்ப ரெண்டாவது படிச்சா. லாரியைப் பின்னால எடுக்கறப்ப எல்லாம் பிள்ளைங்க அது பக்கத்துலயே ஓடிக்கிட்டு இருக்கும்.

சத்துணவு வந்த புதுசு அது. தை பொறந்ததும் பெரிய சார் எங்க தெருப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு, "அங்க தோட்டம் போட்டா பிள்ளைங்க சோத்துக்குக் கீரை கெடைக்கும்மா. கூலி குடுக்க வழியில்ல. செய்வீங்களா?"ன்னு கேட்டாரு.

பக்கத்துல நின்ன தலைவர் சிரிச்சாரு. "அது லாரி நிறுத்தத்தான் லாயக்கு சார். பங்குனிக்குள்ள பச்சை தெரியலைன்னா மொத்த எடத்தையும் லாரிக்கு விட்டுடணும். அங்க கீரை மொளைச்சா நான் மீசையை எடுத்துடறேன்."

"அதுவரைக்கும் எண்ணெய் தடவி வளத்து வைங்க தலைவரே"ன்னா எங்க ஓரகத்தி. அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

கல்லுன்னு சொல்லியா எங்களுக்குப் பயம் காட்டறது? நாங்க குவாரியில பொழுதுக்கும் கல்லு ஒடைக்கிறவங்க. வேலை முடிஞ்சு வந்து, வெளிச்சம் இருக்கறவரைக்கும் கடப்பாரை போட்டோம். பேத்தெடுத்த கல்லை வீணாக்காம லாரிப் பக்கமா அடுக்கிச் சுவரா வச்சோம். ஓடையில இருந்து கூடை கூடையா மண்ணு சுமந்து கொட்டினோம். ஆம்பளைங்க மொதல்ல வேடிக்கைதான் பாத்தாங்க. அப்புறம் அவங்களும் வந்தாங்க.

உரத்துக்கு சிறுவாச்சூர்ப் பக்கத்து ஆட்டுக்காரரைப் புடிச்சோம். ராத்திரி ஆட்டையெல்லாம் அந்த நெலத்துல அடைச்சுப் போட்டா, புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல எறங்கும். கிடை போடறதுன்னு சொல்லுவோம். கூலியா ஆளுக்குக் கொஞ்சம் கம்பு அளந்து குடுத்தோம். விடிஞ்சதும் ஓட்டிட்டுப் போகணும்னு பேச்சு. மனுசன் அசந்து தூங்கிட்டாரு. பெரிய சார் வந்து பாக்கறாரு, ஆட்டை அடைச்ச படல் சாஞ்சு கெடக்கு, பள்ளிக்கூட வராந்தா பூரா ஆடு.

"இன்னிக்கு ஒருத்தரும் ஆப்சென்ட் இல்ல சார்"ன்னா ஓரகத்தி.

திட்டுவாருன்னு பாத்தா, சாருக்குச் சிரிப்பு அடங்கல. வராந்தாவுல கெடந்த புழுக்கையையும் கூட்டி நெலத்துலயே போடச் சொன்னாரு.

மண்ணைக் கொத்திப் பாத்தி புடிச்சு, மாசியில தண்டுக்கீரையும் வெண்டையும் வெதைச்சோம். பிள்ளைங்க தட்டுக் கழுவற தண்ணியை வாய்க்கால் வெட்டி அங்க திருப்பிவிட்டோம். மொளைக்கவே இல்ல. தலைவர் மீசையை முறுக்கிக்கிட்டே சுவரு ஓரமா நடப்பாரு. நான் நெதமும் பாத்தி ஓரமா குனிஞ்சு பாப்பேன்.

ஒருநாள் காலையில குவாரிக்குப் போறப்ப எட்டிப் பாத்தேன். பாத்தி பூரா செவப்பும் பச்சையுமா ஊசி ஊசியா நின்னுச்சு. அன்னிக்கு நான் ஒடைச்ச கல்லு எல்லாம் வெல்லக்கட்டி மாதிரி ஒடைஞ்சுச்சு.

பங்குனியில மொத அறுப்பு. சத்துணவு ஆக்கற ஆயாம்மா பருப்புப் போட்டுக் கீரை கடைஞ்சாங்க. பிள்ளைங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சுங்க. தலைவரும் வந்தாரு. சார் ஒரு தட்டு நீட்டினாரு. தின்னு முடிச்சுட்டு, ஊரே பாத்துக்கிட்டு இருக்க, அவரா கேட்டாரு. "என்னம்மா, மீசையை எடுக்கணுமா?"

ஓரகத்தி வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்.

"மீசை இருக்கட்டுங்க. லாரியை எடுங்க."

மறுநாள் அந்த லாரி ஏரிக்கரைக்குப் போயிடுச்சு. அது நின்ன எடத்துல எண்ணெய் சிந்தின மண்ணை வெட்டி எறிஞ்சுட்டுப் பூசணி போட்டோம். கொடி சுவத்து மேல ஏறி தோட்டத்துப் பக்கமும் காய்ச்சுது.