எண்ணெயை நிறுத்திய அக்காவைப் பதுளைக்கு அழைத்துப்போன கதை

இந்த வருடம் பங்குனியில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோவிலில் காப்புக் கட்டிய மறுநாள், நான் கொழும்பிலிருந்து ஊவா மலைநாட்டை நோக்கிப் படையெடுத்தேன். படை என்றால் இரண்டு பேர். தளபதி நான், அச்சகத்தில் பிழை திருத்தி, வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றவன். வீரர் என் தங்கை மகள் சுகன்யா. புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்களை ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்ப்பவள். எதிரி என் அக்கா பார்வதி. வயது ஐம்பத்தெட்டு, என் தோள் உயரம். அவள் எங்கள் ஹல்துமுல்லைத் தோட்டத்தில் நின்று கூப்பிட்டால் அம்பாந்தோட்டைக் கடலில் கப்பல் நின்றுவிடும்.

விஷயம் இதுதான். தோட்டத்து மருத்துவிச்சி மிட்வைப் அம்மா விடாமல் நச்சரித்து அக்காவைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். கருப்பை வாயில் வைரஸ் இருப்பதும், அங்கே செல்கள் மாறத் தொடங்கியிருப்பதும் தெரிந்தது. இன்னும் புற்றுநோய் இல்லை. விட்டுவைத்தால் ஆகலாம். மாறிய இடத்தை எடுத்துவிட வியாழக்கிழமை பதுளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அக்கா போக மாட்டேன் என்றாள். புதன்கிழமை நாங்கள் கிளம்பினோம்.

கொழும்பு புறக்கோட்டையில் காலை ஐந்தே காலுக்குப் பதுளை பஸ். ஹல்துமுல்லை வரை சுமார் நூற்றெண்பது கிலோமீட்டர். இடது பக்க ஜன்னலுக்கு நான் செய்த போரைத் தனிப் புராணமாக எழுதலாம். பலாங்கொடையில் பஸ் நிற்கும். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் நம்பிச் சாப்பிடலாம். அதற்குப் பிறகு ஏற்றம். சில வளைவுகளில் எங்கள் பஸ்ஸின் பின் நம்பரை நானே ஜன்னல் வழியாகப் படித்தேன்.

அந்த ஏற்றத்தில்தான் சுகன்யாவிடம் கேட்டேன். "அக்காகிட்ட போன்ல என்னதான் சொல்லித் தொலைச்ச? ஒரு மாசமா எண்ணெய தொடமாட்டேங்கிறாளாமே."

"என் வேலைய பத்தி கேட்டாங்க, சொன்னேன் மாமா. ஒவ்வொரு செல்லையும் சுத்தி மெல்லிசா ஒரு தோல் இருக்கு. அது கொழுப்பால ஆனது. ஒரு செல்லு ரெண்டாகணும்னா தோலும் ரெண்டு மடங்கு வேணும்."

"லயத்து வரிசை வீட்டுல மகனுக்குக் கல்யாணம் ஆனா குறுக்குச் சுவர் வைக்கிற மாதிரி."

"அதே மாதிரிதான். நல்ல செல்லு தேவைக்குத்தான் சுவர் வைக்கும். புற்றுநோய் வைரஸ் சிலது உள்ள புகுந்து, கொழுப்பு செய்யிற வேலைய முடுக்கி விட்டுரும். செல்லு நிப்பாட்டாம பெருகும். பெரியம்மாவுக்கு வந்திருக்கிற வகையில இது எப்படி நடக்குதுன்னு இன்னும் முழுசா தெரியாது. அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அழையா விருந்தாளி வந்து வீட்டுக்காரனைக் கேட்காமல் சுவர் கட்ட மேசனுக்கு ஆர்டர் கொடுக்கிற கதை. எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்கிறது, ஆனால் வேறு மாதிரி.

ஹல்துமுல்லையில் இறங்கும்போது மணி பதினொன்றரை. தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். ரோடு எப்படி என்று டிரைவரைக் கேட்டேன். "ரோடு இருந்தாத்தானே சொல்றதுக்கு, அண்ணே" என்றார். வழியில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வந்ததும் ஆட்டோவை ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னேன்.

அக்காவின் கணவர் ராமையா மச்சான் கொழுந்து ஏற்றும் டிராக்டரில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்பே, தராசில் கொக்கி மாட்டும் நேரத்தில் எங்கிருந்தோ வந்து அக்காவின் சாக்கை மட்டும் தூக்கிக் கொடுப்பார். "ஏன் ராமையா, எங்க கொழுந்துல முள்ளா இருக்கு?" என்று மற்ற பெண்கள் கேட்பார்கள். அவர் காது சிவந்துபோகும். அந்தச் சிவப்பில் விளக்கில்லாமல் வீடு வந்து சேரலாம் என்று நான் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கொட்டகையின் தகரம் மாறியிருக்கிறது. தராசும் புதிது. மச்சான் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

லயத்தில் சாப்பாடு தயாராக இருந்தது. பூசணிக்காய் வெந்நீரில் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளாமல் நேரே தட்டுக்கு வந்திருந்தது. தேங்காய்ப் பாலுக்கும் நாடு கடத்தல். பத்து வீட்டு லயத்தில் ஆறு வீடு அக்காவைப் பார்த்து எண்ணெயைக் குறைத்திருந்தது.

"நீதானேடி சொன்ன, கொழுப்பு இல்லாட்டி அது வளராதுன்னு" என்றாள் அக்கா சுகன்யாவிடம். "ஒரு மாசமா ஒரு சொட்டு கொடுக்கல. பட்டினியில செத்திருக்கும். எதுக்கு பதுளைக்கு?"

"பெரியம்மா, நீங்க சாப்பிடுற எண்ணெய நம்பி அது இல்ல. சோறு, சீனி இதுலேர்ந்தே செல்லு தனக்கு வேண்டிய கொழுப்ப செஞ்சுக்கும்."

"அப்ப சீனியையும் நிப்பாட்டுறேன்."

"சோத்தையும் நிப்பாட்டு. கயிறா மெலிஞ்சிட்டா, தேர் இழுக்க வடத்துக்குப் பதிலா உன்னையே கட்டலாம்" என்றேன்.

"நீ வாய மூடுடா."

அடுத்த ஆயுதம் எடுத்தாள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து ஆட்கள் இராத்தங்கலுக்கு வெளியே போவதில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். "ஒரு நாள் வேலைகூட இல்ல, பெரியம்மா. மத்தியானமே அனுப்பிருவாங்க" என்றாள் சுகன்யா.

அப்போது பக்கத்து வீட்டு ராசாத்தி எட்டிப் பார்த்தாள். "அக்காவுக்கு கொலஸ்ட்ரோல் எப்படி இருக்கு, தம்பி? டாக்டர் என்ன சொல்றாரு?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அடுப்பைப் பார்த்தாள். ராசாத்தி போனதும் கதவைச் சாத்தினாள்.

"அப்புடித்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "இது ஆம்பள பொம்பள பழக்கத்துல வர்ற நோயின்னு சோதனை செஞ்ச நர்சம்மா சொல்லிச்சு. அவரு போய் பன்னண்டு வருசம். இப்ப இது இருக்குன்னா ஒண்ணு என்னய பேசுவாங்க, இல்லாட்டி செத்த மனுசன பேசுவாங்க. எனக்கு ரெண்டும் வேணாம். நோய் இருந்துட்டு போகட்டும்."

நான் கதவின் தாழ்ப்பாளையும் போட்டேன்.

சுகன்யா தரையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியம்மா, இந்த வைரஸ் ஒரு தடவையாவது வராத ஆளுங்க ரொம்ப கொறைவு. நெறைய பேருக்கு தானா போயிரும். சிலருக்கு சத்தமே இல்லாம வருசக்கணக்கா கெடக்கும். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு எந்த டெஸ்டாலயும் சொல்ல முடியாது."

"நீ படிச்சிருக்க. ஒனக்கும் தெரியாதா?"

"எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அவர யாரும் குத்தம் சொல்ல ஏலாது."

"ஏலாது."

"காலையில மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

ஆறு பத்துக்கு. பதுளைக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்புத்தளை, பண்டாரவளை வழியாக இரண்டரை மணி நேரம். அப்புத்தளையில் மூடுபனி அவ்வளவு கெட்டி, ஒரு துண்டு வெட்டி மடியில் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை வேலை முடிய. அக்கா நடந்து வெளியே வந்தாள். "அவ்வளவுதானா?" என்று நர்சிடம் இரண்டு தடவை கேட்டாளாம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடுல்சீமைப் பக்கத்திலிருந்து தனியாக வந்தவள், முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். கிளம்பப் போகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"எதுக்கு வந்தீங்க, தங்கச்சி?" என்றாள் அக்கா.

"சும்மா வயித்து வலிங்க."

"எனக்கு கொலஸ்ட்ரோல்" என்றாள் அக்கா. பிறகு பெருமூச்சு விட்டாள். "பொய்யி. கருப்பை வாயில வைரஸ். இப்பதான் எடுத்தாங்க. எங்கருந்து வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியாதாம், அத விடுங்க. ஒக்காருங்க. உங்கள கூப்பிடுற வரைக்கும் நா இங்கதான் இருக்கேன்."

இருந்தாள். அந்தப் பெண்ணை உள்ளே அழைத்தபோது எங்கள் பஸ் போய்விட்டிருந்தது. வேன் பிடித்தோம். சூரியனுக்கும் எங்களுக்கும் நடந்த ஓட்டத்தில், தோட்டத்து எல்லையில், ஒரு பனை உயரத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: மாலையில் குளிரும், கம்பளி எடுங்கள். ஆஸ்பத்திரி நாளில் திரும்பும் பஸ்ஸை நம்பாதீர்கள். வேன்காரரிடம் முதலிலேயே பேசி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியைத் தடுக்காதீர்கள். மிட்வைப் அம்மா கூப்பிட்டால் போங்கள். சிகிச்சைக்குப் பிறகும் சொன்ன தேதியில் மறுபடி காட்ட வேண்டும். அக்காவுக்கு அது ஆவணியில்.

அந்த ஆறு பத்து பஸ்ஸில் ராசாத்தியும் இன்னும் சில பெண்களும் என் தோள் உயர ஒருத்தியின் பின்னால் ஏறினால், ஜன்னலோரத்தை விட்டுக்கொடுங்கள். எல்லாரையும் எங்கே, எதற்கு அழைத்துப் போகிறாள் என்று அந்த முன்னால் ஏறியவள் உங்களிடம் சொல்வாள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வாள்.