எத்தனை கிலோ தாங்கும்?

மூன்றாவது கடையிலும் அத்தை மேசையின் ஒரு மூலையைப் பிடித்து உலுக்கினார். பிறகு நிமிர்ந்து, முதல் இரண்டு கடைகளில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"இது எத்தனை கிலோ தாங்கும்?"

"என்ன வேலைக்கும்மா?" என்றார் கடைக்காரர்.

"ஃபேன் ரிப்பேர். கம்பி சுத்திக் காயில் கட்டுவேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த ரம்பங்களைப் பார்த்தேன். ஒரு சீலிங் ஃபேனை முழுசாகத் தூக்கி வைத்தாலும் பிறந்த குழந்தை அளவுக்குத்தான் கனம் இருக்கும். அதைத் தாங்காத மேசையை இந்த உலகத்தில் எவன் செய்து விற்பான்?

"இதுமேல நீங்க ஃபேனை அடுக்கிக்கிட்டே போகலாம்மா. கூரை இடிக்கிற வரைக்கும் அடுக்கலாம்."

"ஃபேனை விடுங்க. கிலோ சொல்லுங்க."

அவர் சொன்னார். அத்தை மறுபடி உலுக்கினார். "ஆடுது. வாடா போகலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயரத்தை ஏற்றி இறக்கும் பட்டறை மேசை என்று ஒரு சாமான் இருப்பதைக் கண்டுபிடித்ததே நான்தான். கைப்பிடியைச் சுற்றினால் பலகை மேலே போகும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கீழே வரும். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதனால் வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளானாலும், அதன் பெட்டிமேல் அச்சடித்திருப்பதைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்துவிடும். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் படித்துச் சொல்வதைக் காதில் வாங்க ஆள் வேண்டுமே.

அத்தை காயில் கட்ட ஆரம்பித்த கதை மாமாவின் சோம்பேறித்தனத்தில் தொடங்குகிறது. கல்யாணம் ஆன புதிதில் ஃபேன் ரிப்பேர் கடை வைத்தவர் மாமா. கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தப்பும், திரும்பச் சுற்றுவார், திரும்பத் தப்பும். ஒருநாள் எல்லாவற்றையும் தூக்கி வீட்டின் பின் அறையில் போட்டுவிட்டு பஸ் ஓட்டப் போய்விட்டார். கடைசியாகப் பிரித்துப் போட்ட ஒரு ஃபேனின் சொந்தக்காரர் தினமும் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் விழிக்க முடியாமல் அத்தை உட்கார்ந்து அதைக் கட்டி முடித்தார். அது ஓடியது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பின் அறையில் ஃபேன் இல்லாத நாள் கிடையாது. நான் கல்லூரியில் படித்தபோது தங்கியிருந்தது அவர் வீட்டில்தான். வார்னிஷ் நெடிக்கு நடுவே படித்துத்தான் தேறினேன்.

அவர் வேலை செய்வது தரையில். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, ஃபேனின் நடுவே இருக்கும் இரும்பு வட்டை இரண்டு உள்ளங்காலுக்கும் இடையில் கவ்விக்கொள்வார். கை இரண்டும் கம்பிக்கு. ஒரு கை கம்பியைச் செலுத்தும், இன்னொரு கை மூங்கில் சிம்பால் அதைப் பள்ளத்துக்குள் அழுத்தும். வட்டைத் திருப்ப வேண்டுமானால் பாதம் லேசாக அசையும். நீட்டிய காலில் முட்டிக்கு வேலையே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை எழும்போதும் முட்டியை மடக்கி, கையை ஊன்றி, முனகிக்கொண்டுதான் எழ வேண்டும். அந்த முட்டிதான் இப்போது மக்கர்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இனிமேல் தரையில் உட்கார்ந்து எழக் கூடாது. ஒரே இடத்தில் உட்கார்ந்தே இருக்கவும் கூடாது, கொஞ்ச நேரம் நின்று செய்யுங்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்து செய்யுங்கள். இல்லையென்றால் எழுப்பிவிடுவதற்கே ஓர் ஆள் வைக்க வேண்டிவரும்.

மாமாவுக்கு வாய் நிறையச் சிரிப்பு. அவர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். "நான் ஸ்டியரிங்கை விட்டாச்சு. நீயும் கம்பியை விடு. ரெண்டு பேரும் சும்மா இருப்போம்."

"சும்மா இருக்கிறது உங்களுக்குத் தொழில். எனக்கு வராது."

அதனால்தான் மேசை. உட்கார ஓர் உயரம், நிற்க ஓர் உயரம். நான் இரும்பு வட்டைப் பிடித்துக்கொள்ள மேசையில் பூட்டும் இரும்புக் கவ்வி, ஒரு வைஸும் வாங்கித் தருவதாகச் சொன்னேன். "வட்டைக் கடிச்சு வச்சிடும்" என்று அத்தை ஒரே வார்த்தையில் அதை முடித்தார். சரி, மேசையாவது வாங்குவோம் என்றால், பார்க்கும் மேசையெல்லாம் ஆடுகிறது.

மூன்றாவது கடையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை பின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். காலுக்கு நடுவே இரும்பு வட்டு. என்னைக் கண்டதும் மூங்கில் சிம்பைப் புடவைக்குள் ஒளித்தார்.

"அத்தை!"

"கத்தாதே. இது ஒண்ணு மட்டும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் வீட்டு ஃபேன் இல்ல இது. காத்து இல்லாம கைக்குழந்தையோட ஒருத்தி தவிக்கிறா."

"அப்போ நேத்தே மேசையை வாங்கியிருக்கலாம்ல? முதல் கடை மேசைக்கு என்ன குறை? ரெண்டாவதுக்கு என்ன குறை? எதைக் காட்டினாலும் ஆடுது, ஆடுது. ஒரு ஃபேனுக்கு அது ஆடினா என்ன, பாடினா என்ன? உங்களுக்கு என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அத்தை எழ முயன்றார். முட்டி மடங்கவில்லை. நான் ஒரு கையையும், சத்தம் கேட்டு ஓடி வந்த மாமா ஒரு கையையும் பிடித்துத் தூக்கினோம். வலியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோபத்தில்தான் உண்மை வந்தது.

"மேல ஏறி உட்காரணும்டா! மேசை மேல! காலை நீட்டி!"

"மேசை மேலயா?" என்றார் மாமா.

"நாற்காலியில உட்கார்ந்தா கால் கீழ தொங்கும். வட்டை யாரு பிடிப்பா, இவரா? மேசை மேலயே உட்கார்ந்தா தரையில இருக்கிற மாதிரியே இருக்கும். இறங்கணும்னா சரிஞ்சு இறங்கிக்கலாம், முட்டியை மடக்க வேண்டாம்."

"இதைக் கடையிலயே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? அத்தனை ஆம்பளைங்க நிக்கிற இடத்துல, மேசை மேல ஏறிக் காலை நீட்டி உட்காருவேன்னா சொல்றது? சிரிக்க மாட்டான்?"

மாமா சிரித்தார். அத்தை பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

எனக்கு எரிச்சல் முழுசாகப் போகவில்லை. ஆனால் கணக்குத் தெளிவாகிவிட்டது. அது என் வேலை. அளவு நாடாவை எடுத்து, அத்தை சாய்ந்து காலை நீட்டினால் எவ்வளவு நீளம், அவர் எக்காமல் பலகையில் ஏறி உட்கார எவ்வளவு உயரம் என்று அளந்தேன். வீட்டில் சேர்ந்திருந்த விளம்பரத் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அப்போதுதான் பொடி எழுத்தில் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. பெரிதாகப் போட்டிருக்கும் கிலோ, பலகை முழுக்கப் பரவலாகச் சுமை வைத்தால் மட்டும். ஓர் ஆள் ஒரு முனையில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அத்தை உலுக்கி உலுக்கிச் சந்தேகப்பட்டதை நான் படித்து உறுதி செய்தேன். முதல் மூன்று மேசைகளும் அதில் அடிபட்டுப் போயின. நீளமும் அகலக் காலும் உள்ளதாக ஒன்றே ஒன்று மிஞ்சியது, ஊருக்கு வெளியே ஒரு கடையில்.

அந்தக் கடையில் நானே நேராகச் சொன்னேன். "இவங்க இது மேல உட்கார்ந்து வேலை செய்வாங்க."

"மேசை மேல ஆள் உட்காரக் கூடாது தம்பி."

"எங்க போட்டிருக்கு? கிலோதான் போட்டிருக்கு. அந்தக் கிலோ இரும்பா இருக்கணும், மனுஷனா இருக்கக் கூடாதுன்னு எழுதலையே."

"உடைஞ்சா நான் பொறுப்பில்ல. திருப்பியும் எடுக்க மாட்டேன்."

"அதான் இங்கயே உட்கார்ந்து பார்த்துட்டு வாங்குறோம்."

"கடையில ஆளுங்க இருக்காங்களே தம்பி, பார்க்க நல்லாவா இருக்கும்?"

இதற்குத்தானே அத்தை பயந்தார். அவர் முகம் கறுத்துவிட்டது. சரி, இதுவும் போச்சு, நாளைக்கு மறுபடி தரைதான் என்று நினைத்தேன். அத்தை மேசையின் மூலையைப் பிடித்து ஒருமுறை உலுக்கினார். பிறகு செருப்பைக் கழற்றினார். பலகையில் இடுப்பைச் சாய்த்துப் பின்னுக்கு நகர்ந்து, கால் இரண்டையும் மேலே இழுத்து நீட்டிக்கொண்டார். துணிப்பையிலிருந்து இரும்பு வட்டை எடுத்து உள்ளங்காலுக்கு நடுவில் வைத்தார். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்தார்கள்.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. மூங்கில் சிம்பை வைத்து அழுத்தினார். வட்டைத் திருப்பினார். மறுபடி அழுத்தினார். கடைக்காரர் தன்னையறியாமல் குனிந்து மேசைக் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"ஆடலையேம்மா."

"ஆடுது," என்றார் அத்தை. "ஆனா கொஞ்சம்தான். கட்டுங்க."

மேசை வீட்டுக்கு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அத்தை மறுபடி வேலை செய்கிறார், கட்டிலுக்கடியில் குவிந்து கிடந்த ஃபேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன, அதுவரைக்கும் சரி. ஆனால் உயரம் மாற்றும் கைப்பிடி இரும்பாக இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டேன், கிரீஸ் வைத்தேன், பிரித்து மாட்டினேன். கம்பி பிடித்துப் பிடித்துத் தேய்ந்த அத்தையின் கட்டைவிரலுக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. கடைக்குப் போன் செய்தால், பழகப் பழக இளகும் என்கிறார்கள். இளகவில்லை.

மாமா சுற்றினால் சுற்றுகிறது. அத்தை நிற்க வேண்டுமென்றால் மாமா ஏற்ற வேண்டும், உட்கார வேண்டுமென்றால் மாமா இறக்க வேண்டும். சும்மா இருக்க ஓய்வு பெற்றவர் சீட்டாட்டத்துக்குக்கூடத் தெரு முனையைத் தாண்ட முடியவில்லை. போன வாரம் போனபோது பின் அறையில் வேர்வையோடு நின்றிருந்தார்.

"மருமகனே, பஸ்ஸுலகூட இத்தனை தடவை நான் கியர் மாத்தினதில்லடா. இதைப் பார்த்துப் பார்த்து வாங்கினது நீதானே?"

"வாங்கினது அவன். ஆட்டம் பார்த்தது நான்," என்றார் அத்தை, மேசை விளிம்பில் இடுப்பை வைத்துப் பார்த்தபடி. "ரெண்டு சுத்து கூடுதலா இறக்கிட்டீங்க. ஏத்துங்க."