எட்டுப் பேருக்கு ஒரு கோட்டை

ஈஸ்டர் முடிந்ததும் ஜோசபின் குடும்பத்தோடு கப்பலேறிப் பிரான்சுக்குப் போகிறாள். அதற்குள் எங்கள் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேரும் ஒரு பழைய கோட்டையில் ஒருநாள் முழுக்கச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இடத்தை முன்கூட்டியே பார்த்து வர வேண்டும், அன்று மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும் என்று தலைமை ஆசிரியையான மதர் சொல்லிவிட்டார். அதனால் அவளும் நானும் என் சித்தப்பாவின் துணையோடு, பள்ளி விடுமுறையான இரண்டு வியாழக்கிழமைகளில் இரண்டு கோட்டைகளைப் பார்த்து வந்தோம். மற்ற வகுப்பினருக்கும் உதவட்டும் என்று நம் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

முதலில் தேவனாம்பட்டினம். பாண்டியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் ஐம்பது நிமிடம், பிறகு ஜட்கா வண்டி. கோட்டை என்று சொல்லவே சங்கடமாக இருந்தது. இடிந்த சுவர்கள், பக்கத்தில் கடல், அவ்வளவுதான். "எங்க வீட்டு மதிலே இதவிட ஒசரம்டி" என்றாள் ஜோசபின்.

அடுத்த வியாழன் செஞ்சி. சாலைப் படத்தைப் பார்த்து, திண்டிவனம் இருபத்து நான்கு, அங்கிருந்து செஞ்சி பதினெட்டு என்று நான்தான் கூட்டினேன். ஒன்றரை மணி நேரப் பயணம் என்று மதரிடமும் சொல்லிவிட்டேன். காலை ஆறரை மணிக்குப் பஸ். திண்டிவனத்துக்குப் பன்னிரண்டு அணா. பிரெஞ்சு ஆட்சி போனபிறகு, பாண்டி எல்லையான கோரிமேட்டில் இப்போது சுங்கச் சோதனை கிடையாது. ஆனாலும் சித்தப்பா பழக்கதோஷத்தில் டிபன் கேரியரைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் முழுக்க எலுமிச்சம் சாத வாசனை.

ஏழே முக்கால் ஆகியும் திண்டிவனம் வரவில்லை.

"இருபத்து நாலுதானே?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"இருபத்து நாலு மைலு, பாப்பா! உங்க ஊரு கிலோமீட்டரு கோரிமேட்டுலயே எறங்கிடுச்சு."

பஸ்ஸே சிரித்தது. பிரெஞ்சுக்காரர்களின் கிலோமீட்டர் கணக்கிலேயே பழகிய நான், படத்தின் ஓரத்தில் மைல் என்று அச்சிட்டிருந்ததைக் கவனிக்கவே இல்லை.

திண்டிவனத்தில் பஸ் மாறி, செஞ்சியில் இறங்கியபோது பத்தரை. கோட்டைக்கு அரைமணி நடை. பாறைகளை மலையாகக் கொட்டி, அதன் தலையில் கோட்டையைக் கட்டியதுபோல நின்றது ராஜகிரி. ஜோசபின் அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். ஆறு மணிக்குள் பாண்டி சேர இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கோட்டைக் காவலரிடம் விசாரித்தோம்.

"நீங்க ரெண்டு பேருன்னா வெரசா ஏறி எறங்கிடலாம். எட்டுப் பொண்ணுங்க, சோத்து மூட்டைன்னா ஆவாது."

"அப்ப நீங்களாவது ஏறிட்டு வாங்க. கேரியர நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா.

நான் நான்கு படி ஏறிவிட்டேன். ஜோசபின் நகரவில்லை.

"வேணாம்டி. அவளுங்கள வுட்டுட்டு நான் ஏற மாட்டேன்."

"பைத்தியம், நீ இனிமே எப்ப வரப்போற?"

"அதனாலதான் சொல்றேன். தேவனாம்பட்டினம்னா காலைலேருந்து நாலு மணி வரைக்கும் எட்டுப் பேரும் ஒண்ணா இருக்கலாம்."

மலையடிவாரத்தில் கோட்டைக்குள்ளேயே இருக்கும் கல்யாண மகால் நிழலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பாண்டியில் இறங்கும்போது ஐந்தே முக்கால்.

ஆகவே வரும் வியாழன் தேவனாம்பட்டினம். அங்கே நிழல் குறைவு. குடையும் குடிதண்ணீரும் அவசியம். செஞ்சிக்குப் போகிறவர்கள் அங்கேயே ஓர் இரவு தங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ராஜகிரி உச்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏறியவர்கள் எழுதிக் கொடுத்தால், இன்னொரு பிரதி எடுத்து ஜோசபினுக்குத் தபாலில் அனுப்புவேன்.