வெங்கடபதி தொடாத கலர்

கணபதி வட்டாரத்தில் கல்யாணத் தரகர் வெங்கடபதியைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வருடத்தில் முந்நூறு கல்யாணத்துக்கு மேல் முடித்து வைத்தவர். பொய் சொல்லி ஒன்றுகூட முடித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அது ஏறக்குறைய உண்மைதான்.

பெண் பார்க்கப் போகிற வீட்டில் சம்மதம் ஆகும்வரை கை நனைக்க மாட்டார்கள். ஆனால் பெண் வீட்டார் குடிக்க எதையாவது வைத்தே தீருவார்கள். முன்பெல்லாம் மோரோ காப்பியோ வந்தது. தொண்ணூறுகளில் எந்த வீட்டுக்குப் போனாலும் கலர் என்கிற குளிர்பானம்தான். வந்தவர்கள் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடுவார். சில்லென்று ஆரஞ்சும் கறுப்புமாகப் பாட்டில்கள் தட்டில் வந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் தரகர் கையைப் பார்ப்பார்கள். அவர் எடுத்துக் குடித்தால் விசாரித்ததில் குறை இல்லை என்று அர்த்தம். தொடாவிட்டால் ஏதோ இருக்கிறது. இந்தக் கூத்தை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஐம்பத்தோரு வயதில் வெங்கடபதிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவி சாந்தாமணியிடம் மட்டும் சொன்னார்.

"கோகிலா கல்யாணம் முடியற வரைக்கும் இது வெளிய போகக்கூடாது."

மகள் கோகிலவாணிக்கு இருபத்து மூன்று வயது. சர்க்கரை பரம்பரை வியாதி, அந்த வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும் என்ற பேச்சை ஊரில் பரப்பியதில் வெங்கடபதிக்கே பெரிய பங்கு உண்டு. "அப்பனுக்குச் சர்க்கரைங்க, யோசிச்சுக்குங்க" என்று சொல்லி எத்தனையோ ஜாதகங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதை அவர் நேர்மை என்று நினைத்திருந்தார். அந்த நேர்மை இப்போது அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

ஆகவே மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் சந்தேகம் வராதபடி வாரத்துக்கு எட்டு, பத்து கலர் குடித்தார்.

அந்த வருடம் பட்ஜெட் வரும் சமயத்தில், சென்னிமலை என்பவரின் டீக்கடையில் பேச்சு கலர் பக்கம் திரும்பியது. குளிர்பானத்துக்கு வரியைக் குறைக்கப் போகிறார்கள், விலை இறங்கும் என்று யாரோ பேப்பரை வைத்துக்கொண்டு சொன்னார். கடையில் எல்லாருக்கும் சந்தோஷம். வெங்கடபதிக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குறைக்கறதாவது? ஏத்தோணுமுங்க. பீடிக்குப் போடறாங்க, பிராந்திக்குப் போடறாங்க. இதுக்கு ரெட்டிப்பாப் போடோணும். அப்பத்தான் சனங்க உடம்பு உருப்படும்."

"ஏனுங்ண்ணா, ஓசியில குடிக்கறவர் நீங்க. உங்களுக்கு விலையப் பத்தி என்ன?" என்று சென்னிமலை சிரித்தார். "தறியில நாள் பூரா நின்னுபோட்டு வர்றவன் ஒரு பாட்டல் குடிக்கறான். அதையும் புடுங்கோணுங்களா?"

"அவனையும் சேத்துத்தான் சொல்றேன். விலை அம்பது ரூவான்னா எவன் ஊட்டுலயும் வாங்கி வைக்கமாட்டான். பழையபடி மோர் குடுப்பான்."

"நல்லாச் சொன்னீங்க போங்க. அம்பது ரூவான்னா இன்னும் கௌரவமால்ல வாங்கி வைப்பான்."

முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராத ஒரு மனுஷன், அந்த வேலையைச் சர்க்கார் தனக்காகச் செய்துவிடாதா என்று ஏங்கினார். பாவம், வேறென்ன சொல்ல.

சித்திரையில் செருப்பு கடித்து வலது கால் கட்டைவிரலில் புண் வந்தது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. கருமத்தம்பட்டிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று காலையில் கட்டு மாற்றிய டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்து, "இனிமேல் இனிப்பா ஏதாச்சும் குடிச்சீங்கன்னா விரல் போயிருமுங்க" என்றார்.

பெண் வளர்மதி. அப்பா தம்பிதுரை பத்துத் தறி போட்டிருந்தார். நல்ல குடும்பம், நல்ல பெண்; வெங்கடபதி தானே தேடிப் பிடித்த இடம். சூலூர் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்திருந்தார்கள். வளர்மதி தட்டோடு வந்து முதல் பாட்டிலை அவரிடம்தான் நீட்டினாள். கட்டுப் போட்ட விரல் விண் விண்ணென்று தெறித்தது. வாய் தானாக முந்திக்கொண்டது.

"இப்பத்தானுங்க குடிச்சேன். வேண்டாம் கண்ணு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிடிக்காத வீட்டில் எல்லாரும் சொல்லும் வார்த்தை அதுவேதான். தட்டிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்த மாப்பிள்ளையின் அப்பா அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

திரும்பும்போது வேனில் அவர் கேட்டார். "ஊட்டுல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. தங்கமான குடும்பமுங்க."

"அப்பறம் ஏனுங்க தொடலை?"

"வயிறு கொஞ்சம் சரியில்லீங்க."

அங்கே ஒரு காரணம், இங்கே ஒரு காரணம். மறுநாள் ஜாதகம் திரும்பி வந்தது. பின்னால் வந்த இரண்டு வரனும் வாசலோடு நின்றன. தரகரே கலரைத் தொடவில்லையாம், பெண்ணுக்கு என்னவோ இருக்கிறதாம் என்று கருமத்தம்பட்டி முழுக்கப் பேச்சு.

வெங்கடபதி சாப்பிட முடியாமல் கிடந்தார். உண்மையைச் சொன்னால் வளர்மதி பேர் சுத்தமாகும், கோகிலவாணி பேர் கெடும். கோபிசெட்டிபாளையத்திலிருந்து அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்து, ஜாதகமும் பொருந்தியிருந்தது. கடைசியில், சொல்லிவிடுவது என்றுதான் கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

தம்பிதுரை வெளியே போயிருந்தார். வளர்மதிதான் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்ற மேல என்னங்க மாமா குறை கண்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்ல அம்மணி" என்றார். சர்க்கரையைச் சொல்ல வாயெடுத்தபோது கோகிலவாணி முகம் குறுக்கே வந்து நின்றது.

வளர்மதி போய் ஒரு கலர் வாங்கி வந்தாள். பக்கத்துத் தறிக்குடோன் வாசலில் நாலு பேர் நிற்பதைப் பார்த்தே வாசலில் வைத்து நீட்டினாள். "அப்படின்னா குடிங்க."

வெங்கடபதி கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நாலு பேரும் பார்த்தார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை. தரகரைக் கூப்பிட்டு வைத்துச் சரிக்கட்டிவிட்டார்கள் என்று ஊர் அதற்கும் ஒரு கதை கட்டியது.

ஆடி பிறப்பதற்குள் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். காலில் கல் விழுந்துவிட்டது என்று சாந்தாமணி எல்லாரிடமும் சொன்னாள். பார்க்க வந்த தம்பிதுரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே டாக்டர் வந்து, சர்க்கரை இன்னும் இறங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிதுரை கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா மோர் குடுத்திருப்போமுங்களே" என்றார்.

வெங்கடபதி அழுதார். "கோகிலாவுக்குக் கோபியில பேசிட்டிருக்கறமுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க." உடம்பில் இரண்டு விரல் போன பிறகும் மனுஷனுக்கு அதுதான் கவலை. தன்னால் பேர் கெட்ட பெண்ணின் அப்பனிடமே அதைக் கேட்கிறோமே என்ற கூச்சம்கூட அப்போது அவருக்கு இல்லை.

தம்பிதுரை சரி என்று தலையாட்டினார்.

பத்து நாள் கழித்துத் தம்பிதுரை வெங்கடபதி வீட்டுக்கு வந்தார். தின்பண்டம் எதுவும் வாங்கி வராமல் கீரையும் சுரைக்காயும் கொண்டுவந்திருந்தார். உட்கார்ந்தவர் வெகுநேரம் தறிக்கு நூல் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்.

"கோபிக்காரங்க விசாரிக்க வந்திருந்தாங்க" என்றார் அப்புறம். "நீங்க எங்க ஊட்டுக்கு வந்து போனவருன்னு தெரிஞ்சு வந்தாங்களாம். குடும்பம் எப்படீன்னு கேட்டாங்க. நல்ல குடும்பமுன்னு சொன்னேன். அப்பறம், நோய்நொடி ஏதாச்சும் உண்டுங்களான்னு கேட்டாங்க."

கதவுக்குப் பின்னால் சாந்தாமணி நின்றிருந்தாள்.

"நான் உங்களுக்கு வாக்குக் குடுத்தவன். உங்க நோயை நான் சொல்லலீங்க. இல்லைன்னு பொய் சொல்லவும் வாய் வரலீங்க. பேசாம இருந்துபோட்டேன்."

இருபத்திரண்டு வருடத் தரகருக்கு அதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கோபியில இருந்து கோகிலா ஜாதகம் திரும்பி வரும், மத்த ஜாதகக் கட்டோட கலந்துராமத் தனியா எடுத்து வை" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.