அண்ணன் கையால் போடும் கண்ணாடி

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது. புதிது வாங்கியவர்கள் பழையதை மேசையிலேயே விட்டுப் போவார்கள். முதலாளி குப்பையில் போடுவதை இவர் பொறுக்கி, கழுவி, பவர் பார்த்து எழுதி வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல்காரிகளுக்கும் கொத்தனார்களுக்கும் பொருத்தமாகப் பார்த்துக் கொடுப்பார்.

பிறகு தனியே தொழில் வைத்தார். வசதி உள்ளவர்களுக்கு விலைக்கு. அந்த லாபத்தில் இல்லாதவர்களுக்குச் சும்மா. “ஊருக்கெல்லாம் கண்ணு குடுக்கிறீங்க மச்சான், உங்க கண்ணைத் திறக்கத்தான் ஆளில்லை” என்று மனைவியின் தம்பி கிண்டல் செய்தான். இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கடை இரண்டு மாடிக் கட்டிடமாக, முப்பது பெண்கள் வேலை செய்யும் இடமாக வளர்ந்தது.

ஆரம்பத்திலிருந்தே ஒரு பழக்கம். ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் வளைவைக் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்து, தானே மாட்டிவிடுவார். அவர் கை பட்டால்தான் பார்வை நிற்கும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அது உள்ளூர இனித்தது. ‘அண்ணன் கையால் ஒரு கண்ணாடி’ என்று சுவரொட்டியே அடித்துவிட்டார்.

அன்று தனக்குப் பதிலாக மாட்டிவிட, கடையின் சூப்பர்வைசரம்மாவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வெளியூரில் மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம்.

“ஏங்க, கீழ வண்டி நிக்குது” என்றாள் மனைவி, படியிலிருந்து. “பேரனுக்குப் பல்லே முளைச்சாச்சு. நீங்க இன்னும் முகத்தைப் பார்க்கல.”

“இதோ வந்துட்டேன்.”

உள்ளே கொத்தனார் ஒருவர் குரல் கேட்டது. “மங்கலா இருக்கேம்மா. அண்ணன் போட்டுவிட்டா சரியாயிடும்.”

சீக்கிரம் முடியட்டும் என்று அவர் திரும்பிப் போனார். கண்ணாடியைக் கழற்றி, ஒன்றும் மாற்றாமல், அப்படியே மறுபடி மாட்டினார்.

“ஆகா! இப்பப் பளிச்சுனு இருக்கு!”

“அதே கண்ணாடிதான்யா.”

“அதெப்படிண்ணே அதே கண்ணாடியா இருக்கும்?”

சூப்பர்வைசரம்மாவின் முன்னால் நின்ற வரிசை கலைந்து அவர் பக்கம் வந்தது. முன்பே மாட்டிக்கொண்டவர்களும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

“இவங்க பதினஞ்சு வருஷமா இதே வேலை பாக்கிறாங்க. என்னைவிட நல்லாப் போடுவாங்க!”

“நீங்க அப்படித்தாண்ணே சொல்வீங்க” என்று ஒரு தையல்காரி சிரித்தாள். வாசல்வரை ஆட்கள். அவர் நகர இடமில்லை.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அடுத்த மாசம் நிச்சயமா…” என்று இழுத்தார் அவர்.

“போன மாசம் சொன்ன அடுத்த மாசந்தாங்க இது.”

அவர் தோளிலிருந்த பையை இறக்கித் திறந்தாள். அவருடைய இரண்டு சட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். குழந்தைக்கு வாங்கியவை அடியில் இருந்தன. பையை மூடி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

சூப்பர்வைசரம்மா சட்டைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் அடுத்த கண்ணாடியை வைத்தாள். தையல்காரி காதோர முடியை ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை நீட்டினாள்.