யாரும் தொடாத கடைசி பட்டன்

அண்ணாச்சி லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தபோதே அவர் முகம் சரியில்லை. ரிப்போர்ட்டில் ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் நேராக 'முடிக்கவில்லை' என்று சிவப்பில் இருந்தது.

"என்னம்மா இது? எல்லாரும் படிச்சாச்சுன்னு சொல்லுதாங்க. இது ஒருத்தரும் படிக்கலங்குது. எத நம்ப?"

அண்ணாச்சி எங்கள் முதலாளி. பாளையங்கோட்டையில் ஆன்லைன் பாடங்கள் தயாரிக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. அதில் பட்டன்கள் என் பொறுப்பு. நான் சட்டைக்குப் பட்டன் தைக்கிறேன் என்று என் மாமியார் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். போனில் பாடம் ஓடும்போது 'அடுத்து', 'மீண்டும் கேள்' என்று விரல் வைக்கும் இடங்களை வரைவதும், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று ட்ரிகர் போடுவதும்தான் வேலை. தொடும் முன் ஒரு நிறம், தொடும்போது ஒரு நிறம், தொட்ட பிறகு ஒன்று. புதிதாகச் சேருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாலு பட்டன் வரைந்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

இந்தப் பாடத்தைக் கேட்டது ஒரு மருத்துவமனை. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று மேலப்பாளையம், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண்களுக்குப் பயிற்சி. முடித்தவர்களுக்கு வேலை. கடைசி ஸ்லைடில் 'வெளியேறு' பட்டனை அழுத்தினால்தான் முடித்ததாகப் பதிவாகும். படிக்கிறவரே தன் கையால் அழுத்த வேண்டும் என்பது மருத்துவமனையின் நிபந்தனை. பட்டனின் பெயரும் அவர்கள் கொடுத்ததுதான்.

"திங்கக்கிழம வேலைக்கு ஆள் லிஸ்ட் போடுதோம். சிவப்புல இருக்குற பேர எல்லாம் அதுலருந்து எடுத்துருவோம்" என்று மருத்துவமனை மேலாளர் போனில் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் இருந்த எல்லாப் போனிலும் பட்டனை அழுத்திப் பார்த்தேன். ஒழுங்காக வேலை செய்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இனி உட்கார்ந்து பிரயோஜனம் இல்லை என்று மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே நஸீமா இருந்தாள். "நான் முடிச்சுட்டேங்க்கா" என்று எங்களுக்கு அடிக்கடி போன் செய்தவள் அவள்தான். வளைகுடாவில் வேலை பார்த்த கணவர் முதுகில் அடிபட்டு ஊர் திரும்பியிருந்தார். அந்த வீடு இந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

"எங்கிட்ட ஒண்ணும் கேக்காத. எப்பவும் போலப் படி" என்றேன்.

கேள்விகளுக்கெல்லாம் டக்டக்கென்று பதில் போட்டாள். கடைசி ஸ்லைடு வந்தது. கட்டைவிரல் 'வெளியேறு' பக்கம் போய், சூடு பட்டதுபோல் திரும்பியது. பாடத்தை அப்படியே மேலே தள்ளி மூடிவிட்டாள்.

"ஏம்மா அத அழுத்தல?"

"அய்யோ, அது வேண்டாங்க்கா. எங்க தங்கச்சி அவ மாமியா வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல தெரியாம 'வெளியேறு'ல கை வச்சுட்டா. 'எங்க குடும்பமே வேண்டான்னு போயிட்டியா'ன்னு மாமி இன்னும் அவகிட்ட மொகம் குடுத்துப் பேசல. இது வேலக் காரியம். அழுத்தி, எம் பேர எடுத்துட்டாங்கன்னா?"

"மத்தவங்க?"

"எல்லாரும் பேசி வச்சிருக்கோம்லா. அத மட்டும் தொட்டுரக் கூடாதுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அது நின்றுவிட்டது. வேலையை விட்டுவிடக் கூடாது என்று அத்தனை பேரும் கவனமாக இருந்து, அதனாலேயே வேலையை இழக்கப் போகிறார்கள்.

அலுவலகம் திரும்பி நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா? அழுத்தச் சொல்லிப் போன் போட்டுருவோம்" என்றார்.

"இவங்களுக்குச் சொல்லிரலாம் அண்ணாச்சி. அடுத்து வாறவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அண்ணாச்சி போனைக் கையில் எடுத்தார். "சரி, மாத்து. ஆஸ்பத்திரிக்கு நான் பேசுதேன்."

'வெளியேறு' பட்டனில் கதவும் அம்புக்குறியும் இருந்த படத்தை நீக்கினேன். கட்டைவிரல் தாராளமாகப் பதியும் அளவுக்குப் பச்சையில் ஒரு பட்டன் வரைந்தேன். அதன்மேல் 'படிச்சு முடிச்சுட்டேன்' என்று எழுதினேன். அழுத்தினால், 'உங்கள் பெயர் பதிவாகிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி பார்க்கலாம்' என்று வரும்படி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாப் போனுக்கும் புதுப் பாடம் போனது.

ரிப்போர்ட்டில் சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. சேரன்மகாதேவிக்காரர்கள்தான் முதலில். மத்தியானத்துக்குள் நஸீமாவைத் தவிர எல்லோரும் வந்துவிட்டார்கள். அவள் எண்ணில் யாரும் எடுக்கவில்லை; பொறுக்க முடியாமல், அவள் கொடுத்து வைத்திருந்த பக்கத்து வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டு அவளைப் பேசச் சொன்னேன்.

"அவுக போன எடுத்துக்கிட்டு ஜும்மாவுக்குப் போயிருக்காவக்கா. வந்ததும் அழுத்துதேன்."

தொழுகை முடிந்து, சாப்பாட்டு நேரமும் தாண்டி, அந்தப் பெயரும் பச்சையானது. அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார்.

பட்டன் வரையக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிறமும் வடிவமும் பைய வரும். முதலில் அதைத் தொடப்போகிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். பயத்தை அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

நஸீமாவுக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் டூட்டியிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, ஒரு பெரியம்மாவத் திருப்பிப் படுக்க வைக்கணும். எங்க மொத புடிக்கணும்னு மறந்துட்டு. பாடத்தத் தெறந்து இன்னொருக்கப் பாத்துட்டுத் திருப்பிட்டேன். நல்லா தூங்குதாவ."