ஆண்கள், பெண்கள், நடுவில் மாதா

நான் வரைந்த கட்டடங்களில் ஒன்றின் முன்னால் மட்டும்தான் சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்கள். அது கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. நான் அதைக் கழிப்பறையாகத்தான் வரைந்தேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் மேசை போட்டு, வீடு கட்டுகிறவர்களின் மாமனார்மாரோடு சண்டை பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எல்லா மாமனாருக்கும் வாசல் கேற்றில் இரண்டு சிங்கம் வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தியில் பொதுக் கழிப்பறை கட்ட என்னைக் கூப்பிட்டது. நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குப் பொதுவாக நான் கட்டப்போகும் முதல் கட்டடம் அது. சிங்கம் கேட்க மாமனாரும் கிடையாது.

படம் கீறுவதற்கு முன் அந்த இடத்தைப் பாவிக்கப்போகிறவர்களோடு கதைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். உண்மையைச் சொன்னால் ஒரே ஒருவரோடுதான் கதைத்தேன். சந்தியில் தள்ளுவண்டியில் அச்சாறு விற்ற அக்கா. முகத்துவாரத்திலிருந்து விடிய பஸ் ஏறி வந்து பொழுதுபட்டுத் திரும்புகிறவர். அவருடைய மாங்காய் அச்சாற்றைத் தின்றவர்கள் கண்ணீரோடு பக்கத்துக் கடைக்குச் சோடா தேடி ஓடுவார்கள். அவர் மட்டும் வறண்ட உதட்டோடு வெயிலில் நிற்பார்.

"கிட்னியில கல்லு தம்பி" என்றார். "டொக்டர் ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் தண்ணி குடிக்கச் சொல்றார். நான் காலையில ஒரு பிளேன்ரீ குடிச்சா, பிறகு வீட்டுக்குப் போய்த்தான் வாய் நனைக்கிறது."

"ஏன் அக்கா?"

"குடிச்சிட்டு எங்க போறது?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் கட்டடம் வரைந்தேன். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், நடுவில் தெருவைப் பார்த்த ஒரு வெள்ளைச் சுவர். பெண்களின் வாசலில் நின்றால் அக்காவின் வண்டி கண்ணில் படவேண்டும் என்பதற்காக முழுக் கட்டடத்தையும் கொஞ்சம் திருப்பி வைத்தேன். இதை யாரும் கவனிக்கவில்லை. நானாக நாலு பேரிடம் சொன்னேன்.

கட்டி முடிந்தது. தண்ணீர் இணைப்புக்கான கடதாசி மட்டும் ஏதோ ஒரு மேசையில் படுத்துவிட்டது. கதவுகளைப் பூட்டி வைத்தோம். கழிப்பறையைத் தேடி வந்த ஆண்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை வெளிச்சுவரிலேயே முடித்துக்கொண்டு போனார்கள். என் வெள்ளைச் சுவர்! மூன்று மொழியிலும் அறிவித்தல் எழுதி ஒட்டினேன். அதை ஒரு குறியாக வைத்துக்கொண்டு அடித்தார்கள்.

"சேர், இதுக்கு எழுத்துச் சரிவராது" என்றார் வேலையைச் செய்த மேசன் பாஸ். "ஒரு மாதா சொரூபம் வைப்பம். எங்கட பக்கம் எந்தச் சுவருக்கும் அதுதான் மருந்து. மாதாவக் கண்டா ஒருத்தனும் காற்சட்டைச் சிப்பில கை வைக்க மாட்டான். தண்ணி வந்த உடன எடுத்துருவம். ரெண்டு கிழமைதானே."

அவர் பாட்டுக்குச் சொரூபத்தை இரண்டு கல்லின் மேல் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. என் சுவரில் ஒரு பொருள் கோணலாக நிற்பதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து மாதாவுக்கு ஒரு மாடம் கீறினேன். வளைந்த கூரை, பின்னால் நீல ஓடு, மேலே ஒரு சின்னத் துவாரம். பின்னேரம் நாலு மணிக்கு வெயில் அதற்குள்ளால் இறங்கி நேராக முகத்தில் விழும். என் வாயால் சொல்லக்கூடாது, மிக நன்றாக வந்தது.

பாஸ் அதைக் கட்டி மாதாவை வைத்த மறுநாளே சுவர் காய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு மெழுகுதிரி எரிந்தது. பிறகு பூமாலைகள் வந்தன. துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நின்று கும்பிட்டார்கள். ஜிந்துப்பிட்டி முருகனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் திருநீறு அழியாத நெற்றியோடு இங்கேயும் ஒரு கும்பிடு போட்டார்கள். த்ரீவீல் ஓட்டுகிறவர்கள் சிங்களத்தில் நேர்த்தி வைத்தார்கள். 'ஆண்கள்', 'பெண்கள்' என்ற பலகைகளை முன்பே மாட்டியிருந்ததால், ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமுமாக ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். நான் வைத்த பலகையை வேறு எந்தக் கட்டடத்திலும் யாரும் மதித்ததில்லை.

இரண்டு கிழமை என்றது மூன்று மாதமாகி, கடைசியில் தண்ணீர் வந்தது. இனி மாதாவை எடுக்க வேண்டும். "வச்ச கையால நான் எடுக்க மாட்டன் சேர்" என்று பாஸ் ஒதுங்கிவிட்டார். பங்குக் குருவானவரை ஒரு பின்னேரம் கூட்டி வந்து காட்டினேன். மாடத்தை எட்டிப் பார்த்தார்.

"நான் எடுத்தா, கக்கூசுக்காக மாதாவ எடுத்த ஃபாதர் எண்டு பேர் வரும். நீர் எடும், நான் தடுக்க மாட்டன்" என்றார். போகும்போது திரும்பி, "ஆனா வெளிச்சம் விழுறது நல்ல வடிவாயிருக்கு" என்றார். வெட்கமில்லாமல் எனக்கு மனம் குளிர்ந்தது.

ஒரு நாள் துணிந்து ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினேன். பின்னால் இரண்டு வரிசையும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. மாலையைச் சரிசெய்துவிட்டு இறங்கினேன்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், ரிப்பனை வெட்டினார், மெழுகுதிரி ஒன்றை ஏற்றிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். கதவுகள் விரியத் திறந்திருந்தன. உள்ளே ஒருவரும் போகவில்லை.

அச்சாறு அக்கா வண்டியை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார்.

"நீங்க பத்து மணி எண்டீங்க. விடியக் காலையில இருந்து எட்டுக் கிளாசும் குடிச்சிட்டன் தம்பி."

"போங்க அக்கா. உங்களுக்குத்தான் கட்டினது."

பெண்களின் வரிசை விலகி அவருக்கு வழிவிட்டது, முதலில் கும்பிடப்போகிறார் என்று நினைத்து. அவர் வாசல் வரைக்கும் போனார். மாதாவை நிமிர்ந்து பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அடிவயிற்றில் கையை வைத்தபடி திரும்பி வந்தார்.

"பாத்துக்கொண்டு நிக்கிறா தம்பி. எப்படி?"

என் கழிப்பறைக்கு முன்னால் நின்று, கழிப்பறைக்குப் போக த்ரீவீல் பிடித்தேன். புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தேநீர்க் கடை இருந்தது. வழியில் ஒரு லொறி குறுக்கே நின்று சாமான் இறக்கியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு செபம் சொன்னார். நானும் சொன்னேன். எனக்குத் தெரிந்தது தேவாரம்தான்.

சாப்பிட வருகிறவர்களை மட்டும்தான் கழிப்பறைக்கு விடுவோம் என்றார் கடைக்காரர். இரண்டு பிளேன்ரீ என்று கத்தினேன். அக்கா ஓடினார்.

திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. பின்பக்கத்தில் புது வாசல் உடைக்கலாம், மதில் எழுப்பலாம் என்று மேசையில் விரலால் கீறிக் காட்டினேன். என் மாடத்தை மூடிவிடலாம் என்று மட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை. அது எனக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்க அக்கா" என்றேன்.

அவர் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "வேணாம் தம்பி. நான் திரும்ப அங்கதானே போய் நிக்கோணும்."

இரண்டையும் நானே குடித்தேன்.